ஏழு மணி வரை தனபால் பேசமாட்டார்

என் தங்கை மைனாவதியின் வீட்டுக்காரர் தனபால் வாய் மூடி இருந்ததை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். முதல் முறை, அவள் கழுத்தில் தாலி கட்டும்போது. அதுவும் முடிச்சு விழுந்த கையோடு என் பக்கம் திரும்பி, "மச்சான், பந்தியில பாயசம் பத்தலையாமா, என்னன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டாவது முறையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

தனபால் சூலூரிலிருந்து காந்திபுரம் போகும் தனியார் பேருந்தில் நடத்துநர். பதினாறு வருஷமாக அதே தடம். இருகூர் பிரிவில் அவர் கூப்பிட்டால் ஒண்டிப்புதூரில் நிற்கிறவர்கள் ஏறத் தயாராகிவிடுவார்கள் என்று ஓட்டுநர் உவைஸ் கிண்டல் செய்வார். டிக்கெட் கிழிக்கிற கை ஒரு பக்கம், விசாரிக்கிற வாய் ஒரு பக்கம். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரிலிருந்து ஜாதகம் வந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் கொஞ்சம் அதிகமாகவே பிழைத்தார்.

எனக்கு நேர் எதிரான பிழைப்பு. பெருந்துறை தொழிற்பேட்டையில் பனியன் துணியில் ஓட்டை பார்க்கிற வேலை. குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். பெயர் கிருபாசங்கர் என்று வைத்தார்கள், ஆனால் கிருபை கொஞ்சம் கம்மிதான் என்று மைனா சொல்வாள். மாப்பிள்ளையை நான் ஓயாமல் கேலி செய்வேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. லோகப்பிரியா. எங்களுக்கு லோகு. நான் தாய்மாமன். குறை சொல்ல ஒன்றுமில்லாத ஒரு பொருளை என் வாழ்க்கையில் முதல்முறை கையில் வாங்கியது அன்றைக்குத்தான்.

மூன்றரை வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் வலிப்பு வந்தது. கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடந்தாள்.

அங்கே ஒரு நர்ஸ், "பாப்பாவுக்குக் காது கேக்குமுங்க, நீங்க பேசிட்டே இருங்க" என்று தனபாலிடம் சொல்லிவிட்டார். அவருக்குக் கதை எதுவும் தெரியாது. அதனால் உள்ளே விடுகிற நேரமெல்லாம் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, சூலூரிலிருந்து காந்திபுரம் வரை ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு போவார். காந்திபுரம் வந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு சூலூர் வருவார். ஒன்பதாம் நாள் சிங்காநல்லூர் பக்கம் வந்துகொண்டிருக்கும்போது லோகு "அப்பா" என்றாள். பிழைத்ததில் மருந்து பாதி, தன் குரல் பாதி என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். இதில் மட்டும் நான் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் பேச்சு பழையபடி வந்தது. நடை வந்தது. பார்வை வரவில்லை. கண் மருத்துவர் இரண்டு கண்ணையும் சோதித்துவிட்டு, கண்ணில் ஒரு பழுதும் இல்லை என்றார். மூளை மருத்துவர் ஸ்கேன் படத்தில் தலையின் பின்பக்கத்தைக் காட்டி விளக்கினார். "கண்ணு பாக்குதுங்க. பாத்தது என்னன்னு மூளைக்கு எட்டல. ஆனா சின்ன மூளை, வேற வழி தேடும். எவ்வளவு வரும், எப்ப வரும்னு இப்பவே சொல்ல முடியாது." இதைக் கேட்டு நாங்கள் தைரியமானோமா பயந்தோமா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் செய்ததை நினைத்தால் பற்றிக்கொண்டு வரும். வருகிற ஒவ்வொருவரும் குழந்தையின் மூக்குக்கு முன்னால் கையை நீட்டி, "கண்ணு, இது எத்தனை விரல்?" என்று கேட்பார்கள். அவள் கண் எங்கேயோ போகும். "நான் யாருன்னு சொல்லு பாக்கலாம்" என்பார்கள். குரலைக் கேட்டதும் சரியாகச் சொல்லிவிடுவாள். உடனே, "தெரியுதே, நல்லாத் தெரியுதே" என்று சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டுப் போவார்கள். உண்மையைச் சொன்னால், முதல் விரலை நீட்டியவன் நான்தான்.

தனபால் தன் வழியில் ஒன்று செய்தார். குழந்தை இருட்டில் தனியாக இருப்பதாக நினைத்துவிடக் கூடாது என்று, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தான் செய்வதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். "லோகு, அப்பா வாரேன். இப்ப கதவுகிட்ட. இப்ப தண்ணி குடிக்கறேன். இப்ப உன்ற பக்கத்துல உக்காரப் போறேன்." அவளும் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிப்பாள். பார்க்கிறாள் என்றே அவர் நினைத்தார்.

என் பங்குக்குத் தாய்மாமன் சீராகத் திருப்பூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். விளக்கு எரிந்து பாட்டுப் பாடும் ரயில், சுற்றிச் சுற்றிக் குரைக்கும் நாய், பட்டாம்பூச்சி போட்ட திரை, ஏழு நிறத்தில் பொம்மைப் படம் போட்ட படுக்கை விரிப்பு. பார்க்க நிறைய இருந்தால் ஏதாவது ஒன்றையாவது பார்ப்பாள் என்பது என் கணக்கு. அவளுடைய அறை தேர்த்திருவிழாக் கடையாகிவிட்டது.

இப்படியே ஒரு வருஷம் ஓடிய நிலையில்தான் டெய்சி வந்தார். கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பார்வைப் பயிற்சி கொடுக்கிற மையத்தில் வேலை. முப்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. "ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் கூப்பிடாதீங்க, சர்ச்சுப் பூசையில இருப்பேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வீட்டைப் பார்க்கவேண்டும் என்று அவரே சூலூருக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

லோகுவின் அறையில் பத்து நிமிஷம் நாலு பக்கமும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "இந்த ரூம்ல எதைப் பாக்கறதுன்னு எனக்கே தெரியலீங்க" என்றார். அரை மணி நேரத்தில் என் சீர் முழுவதும் மூட்டையாகிப் பரணுக்குப் போனது. ரயில் மேலே போகும்போதும் பாடிக்கொண்டே போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் என்றால் தாய்மாமன் சீரைப் பரணில் போடலாமா என்று சமையலறையில் மைனாவிடம் பல்லைக் கடித்தேன். "சும்மா இருங்ணா" என்றாள்.

வெறும் சுவரில் டெய்சி ஒரு கறுப்புத் துணியைக் கட்டினார். அதற்கு முன்னால் லோகுவைப் பாயில் உட்காரவைத்தார். ஒரே ஒரு மஞ்சள் பந்து. அதில் படமில்லை, பூ இல்லை, பாட்டு இல்லை. அதை மெதுவாக ஆட்டினார்.

"பாரு சாமி, மஞ்சப் பந்து. அங்க பாரு, அக்கா ஆட்டறாங்க பாரு" என்று தனபால் ஆரம்பித்தார். லோகு முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். டெய்சி நிறுத்தினார். மறுபடி ஆட்டினார். "இந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம்" என்றார் தனபால். மூன்றாவது முறை டெய்சி எழுந்து, "அண்ணா, நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்றார்.

அவர் போனார். மின்விசிறியையும் நிறுத்தினார்கள். டெய்சி பந்தை ஆட்டிவிட்டுக் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்றால், எனக்குப் பொறுமை போய்விட்டது. இருபதுக்கு மேல் எண்ணியிருப்பேன். லோகுவின் கண் கூரையில் இருந்தது, பிறகு சுவரில் இருந்தது, பிறகு எதையோ தேடுவதுபோல் வந்து பந்தின்மேல் நின்றது. அப்படியே நின்றது. கை நீளும்போது தலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, ஆனால் கை சரியாகப் பந்தில் போய் விழுந்தது. ஒரு வருஷத்தில் அவள் பார்த்து எடுத்த முதல் பொருள் அது.

டீ குடிக்கப் போனவர் போகவில்லை. கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார். "பாத்துட்டா, மச்சான், பாத்துட்டா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். அந்த நொடியில் லோகுவின் கண்கள் பந்தை விட்டுவிட்டன. குரல் வந்த பக்கம் திரும்பி எதையும் பார்க்காமல் சிரித்தாள்.

டெய்சி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். "அண்ணா, அவளால ஒரு நேரத்துல ஒண்ணுதான் முடியும். சத்தம் வந்தா அவ மூளை அதுக்கே ஓடிருது, பார்வைய உட்டுருது. அதுலயும் உங்க குரல்னா கேக்கவே வேண்டாம். தூங்கி எந்திரிச்ச காலை நேரம்தான் அவளுக்கு நல்ல நேரம். ஆறுலிருந்து ஏழு வரைக்கும் வீட்ல யாரும் பேசக்கூடாது. முக்கியமா நீங்க." தனபால் தலையை ஆட்டினார். டெய்சியைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "மச்சான், என்ற கொரல்தான் என்ற புள்ளைக்கு மறைக்குதாமா" என்றார்.

மறுநாள் முயற்சி செய்தார். நான்கு நிமிஷம் தாங்கினார். அதற்கு மறுநாள் ஏழு நிமிஷம். அவர் வாயை மூடினாலும் ஊர் மூடவேண்டுமே. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டுக்கு ஒருவர் வந்தால் அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரும், அடுப்படியில் இருந்தாலும் எட்டிப் பார்த்து, "வாங்க" என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அது சாதாரணக் குற்றமில்லை. "நான் போயிருந்தப்ப வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல" என்று சொல்லி இருபது வருஷம் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் எங்கள் சொந்தத்திலேயே இரண்டு ஜோடி இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் தனபாலுக்குப் பெரியம்மா முறை. காலையில் ஆறேகாலுக்கு ஒரு முறை வந்து லோகுவைப் பார்த்துவிட்டுப் போகாவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்ததாகாது. ஐந்தாம் நாள் காலை அவர் உள்ளே வந்தார். தனபால் கறுப்புத் துணிக்கு முன்னால் மஞ்சள் பந்தோடு உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார், கையை எடுத்துக் கும்பிட்டார். வாயைத் திறக்கவில்லை. மைனா மெதுவான குரலில், டாக்டர் பேசக்கூடாது என்று சொன்னதாக விளக்கினாள்.

"ஊட்டுக்கு வந்தவிய வாங்கன்னு கேக்கக்கூடாதுன்னு எந்த டாக்டரு சொன்னா?" என்று பெரியம்மா திரும்பி நடந்தார். வாசலைத் தாண்டினால் விஷயம் சூலூர் முழுக்கப் போய்விடும் என்று மைனாவுக்குத் தெரியும். பின்னாலேயே ஓடினாள். என்ன சொல்வதென்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னாள். "மருதமலைக்கு வேண்டிக்கிட்டு இருக்காருங் பெரியம்மா. புள்ளைக்குக் கண்ணு தெரியோணும்னு மௌன விரதம். தெனமும் ஏழு மணி வரைக்கும் பேசமாட்டாருங்."

பழனாத்தாள் நின்றார். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன அம்மணி" என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

மறுநாள் காலை நடந்ததை மைனா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆறு மணிக்கு வாசலில் பழனாத்தாள் நிற்கிறார். பால்காரரின் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தவைத்து, நடந்துபோய்ப் பால் ஊற்றச் சொல்கிறார். எதிர்வீட்டு டிவி அடங்கிவிட்டது. வைத்தியத்துக்காகக் கேட்டபோது கொடுக்காத அமைதியை முருகன் பேரைச் சொன்னதும் அந்தத் தெரு அள்ளிக் கொடுத்தது. எனக்கு இதைக் கேட்டுச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

தனபாலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சாமி பேரச் சொல்லிப்போட்டயே புள்ள" என்று மைனாவிடம் வருத்தப்பட்டார். "பொய்யின்னு ஆகக்கூடாது. இனி நெசமாவே இருந்துதான் ஆகோணும்." அந்தக் கிருத்திகையன்று மருதமலை ஏறி, நாற்பத்தெட்டு நாள் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டு வந்தார். மருத்துவத்துக்காக அரை மணி நேரம்கூட மூட முடியாத வாயை விரதத்துக்காக ஒரு மணி நேரம் மூடினார். ஆறு மணிக்கு லோகுவின் கையைப் பிடித்து, "சாமி, ஏழு மணி வரைக்கும் அப்பா பேசமாட்டேன். ஆனா இங்கயேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவளுக்கு எதிரில் போய் உட்கார்ந்துகொள்வார். குழந்தையிடம் சொல்லாமல் எதுவும் செய்யக்கூடாது என்பது டெய்சி போட்ட விதி.

பயிற்சி பலித்தது. பந்து முதல் நாளே பிடிபட்டது என்றால், இரண்டாவது வாரம் மஞ்சள் கரண்டி, மூன்றாவது வாரம் மஞ்சள் டம்ளர். பந்தை நிறுத்திவைத்தால் தெரியாது, அசைத்தால் தெரிந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினால் தெரிந்தது. டெய்சி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆனால் தனபாலுக்கு டம்ளரா வேண்டும்? "அம்மணி, என்ற மொகம் எப்பங்க தெரியும்?" என்று ஒரு நாள் டெய்சியிடம் கேட்டிருக்கிறார். "முகம் ரொம்பக் கஷ்டம்ணா. அதுல எத்தனை விஷயம் இருக்கு, எல்லாம் ஒண்ணாச் சேந்து அசையுது. கடைசியாத்தான் வரும். வராமலும் போகலாம். ஆளைத் தெரிஞ்சுக்க அவ வேற ஏதாச்சும் வழி கண்டுபிடிப்பா. நான் உங்ககிட்டப் பொய் சொல்லமாட்டேன்." அன்றைக்கு முழுக்க வண்டியில் தனபால் யாரையும் விசாரிக்கவில்லை என்று உவைஸ் எனக்குப் போன் செய்து சொன்னார்.

அவர் பயந்தது வேறு ஒன்றுக்கு. லோகு அவரைக் குரலாகத்தான் அறிந்திருந்தாள். குரல் நின்றால் அப்பா இல்லை. முதல் வாரம் பயிற்சியின் நடுவில், "அப்பா எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இங்கதான் இருக்காங்க" என்று மைனா ஒரே ஒரு முறை மெல்லச் சொல்வாள். அவள் காற்றில் கையை நீட்டித் துழாவுவாள். தொடவும் கூடாது, தொட்டால் பார்வை கையோடு போய்விடும். "அப்பா வேணும்" என்று அவள் அழுத ஒரு காலையில், இவர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாராம்.

இருபது நாளுக்குப் பிறகு லோகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அழுததைவிட அதுதான் அவரைக் கொன்றது. ஏழு மணி அடித்ததும் இவர் "லோகு" என்று கூப்பிடுவார். அவள் முகம் மலர்ந்து, "அம்மா, அப்பா வந்துட்டாங்க" என்பாள். ஒரு மணி நேரமாக எதிரிலேயே உட்கார்ந்திருந்தவர், வந்துவிட்டாராம்.

முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை. நான் பல்லடம் வழியாக வண்டியை முறுக்கிக்கொண்டு சூலூர் போய்ச் சேர்ந்தேன். தனபால் இளைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் சொன்னார். "மச்சான், ஆஸ்பத்திரியில இந்தக் கொரலப் புடிச்சுக்கிட்டுத்தான் அவ எந்திரிச்சு வந்தா. அதையே புடுங்கிப்போட்டேன். காலையில எனக்கு அப்பன் இல்லைன்னு அவ முடிவு பண்ணிட்டா. டம்ளரத் தெரியுது, என்னத் தெரியல. கொரலும் போயி மொகமும் வராமப் போச்சுன்னா நான் அவளுக்கு யாருங்க?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "போதும் மாப்ளே. நாளையோட நிறுத்துங்க. அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன். கொழந்தைக்கு அப்பன் மறந்துபோற வைத்தியம் என்ன வைத்தியம்? முருகன்கிட்ட வேணும்னா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றேன். தனபால் லோகு தூங்குகிற அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில், "நாளைக்கு ஒரு நாள் பாத்துப்போடறேன் மச்சான்" என்றார்.

மறுநாள் வழக்கமான நாளாக இல்லை. காலை முதல் டிரிப்புக்கு வரவேண்டிய நடத்துநர் விடுப்பு எடுத்துவிட்டதால், தனபால் ஆறரைக்கே கிளம்பவேண்டியிருந்தது. ஏழு மணி வரை நிறுத்தங்களை நானே கத்திக்கொள்கிறேன் என்று உவைஸ் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். கறுப்புத் துணி, பாய், லோகு. சன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தது. தனபால் அவள் கையைப் பிடித்து வழக்கம்போல் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். சீக்கிரம் கிளம்பவேண்டியதை அவளிடம் சொல்ல அந்த அவசரத்தில் மறந்துவிட்டார். அது நினைவுக்கு வந்தபோது விரதம் ஆரம்பித்திருந்தது. மைனா பந்தை ஆட்டினாள். லோகு பார்த்தாள், எடுத்தாள், பாயில் உருட்டினாள். நான் சுவரோரம் சாய்ந்து, டெய்சிக்குச் சொல்லவேண்டிய வசவுகளை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஆறரை ஆனது. தனபால் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் யாரும் "போறேன்" என்றுகூடச் சொல்லமாட்டார்கள், "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வார்கள். ஒன்றும் சொல்லாமல் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்புவது சாவு வீட்டில் மட்டும்தான். அவருக்குக் கால் எழவில்லை. நான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன். எழுந்தார். செருப்புச் சத்தத்தை அவள் கண்டுபிடித்துவிட்டால் அழுவாள் என்று, வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். வெறுங்காலோடு வாசல்படியில் இறங்கப்போனார். ஒரு சத்தமும் இல்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன், எனக்கே அவர் நடந்தது கேட்கவில்லை.

லோகுவின் முகம் வேறு பக்கம், சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது; வாசல் அவள் கண்ணுக்குப் பக்கவாட்டில் இருந்தது. பந்தை உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அம்மா," என்றாள். "அப்பா சொல்லாமப் போறாங்க."

மைனா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தனபால் படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றார். வாய் திறந்திருந்தது. பேசிவிடுவார் என்றுதான் நினைத்தேன், பேசினால் என்ன தப்பு என்றும் நினைத்தேன். பேசவில்லை. பேசினால் அவள் கண் போய்விடும் என்பது அந்த நேரத்திலும் அவருக்கு நினைவிருந்தது. செருப்பைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை உயர்த்தி மெதுவாக ஆட்டினார். தன் மகளிடம் அவர் குரலில்லாமல் விடைபெற்றது அதுதான் முதல்முறை.

நான் எண்ண ஆரம்பித்தேன். ஐந்து, பத்து. லோகு சுவர்ப்பக்கமே திரும்பியிருந்தாள். பதினைந்தில் அவள் கழுத்து கொஞ்சம் அசைந்தது. பதினெட்டோ பத்தொன்பதோ, அதற்குமேல் என்னால் எண்ண முடியவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளுடைய சின்னக் கையும் மேலே எழுந்து, அதே வேகத்தில், அதே மாதிரி ஆடியது.

"போயிட்டு வாங்கப்பா" என்றாள்.